பசறைச் சாலையில் என் கை

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் வேனில் ஏறும்போது, ஓட்டுநருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வரும் வண்டிகளைப் பார்ப்பதற்காக அவர் நெற்றிக்கு நேரே தொங்கிய கண்ணாடிக்குள் ஒரு சின்னக் கேமரா இருந்தது.

வேனின் சொந்தக்காரன் சுரேஷ், என்னோடு திருச்சியில் கல்லூரி ஆசிரியராக இருந்த நண்பரின் மகன். கொழும்பில் பெண்ணெடுத்து, அங்கேயே சுற்றுலா வேன்கள் வைத்துத் தொழில் செய்கிறான். புறப்படுவதற்கு முன் என்னைத் தனியே அழைத்துச் சொன்னான்.

"அங்கிள், வண்டி அளவு தாண்டி ஓடினா அது வண்டிக்குள்ள நடக்கிறதப் படம் பிடிச்சு எனக்கு அனுப்பிடும். நான் நினைச்ச நேரம் திறந்தும் பார்க்கலாம். சத்தம் வராது, படம் மட்டும்தான். மகேந்திரனுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒழுங்கா ஓட்டுவான், அப்புறம் கேமரா எதுக்கு? நீங்களும் சொல்லிடாதீங்க. உங்க பாதுகாப்புக்குத்தான்."

நல்ல ஏற்பாடு என்று சொன்னேன். மனமாரத்தான் சொன்னேன்.

அதற்குக் காரணம் உண்டு. என் மனைவி சரஸ்வதி எங்கள் தெருமுனையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு வேன் மோதி இறந்துபோனாள். அது கல்யாண வேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, சீக்கிரம் போ என்று வண்டியிலிருந்த பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று அதன் ஓட்டுநர் நீதிமன்றத்தில் சொன்னான். அந்தப் பெரியவர்களில் ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. நான் அவர்களைச் சபித்தேன். இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான்; வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும் என்று வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதியவன். அவள் போன பிறகு அதையே பத்திரிகைகளுக்கு எழுதினேன். சாலையெங்கும் கேமரா வையுங்கள், மறைத்து வையுங்கள், தெரியும்படி வைத்தால் அந்த இடத்தில் மட்டும்தான் அடங்குவார்கள் என்று எழுதினேன். ஒன்றிரண்டு அச்சிலும் வந்தன.

பயணத்தின் காரணம் பேத்தியின் கல்யாணம். சரஸ்வதி பிறந்தது பதுளையை அடுத்த பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் என்ற பெயரில் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்ட காலத்தில் அவள் பெற்றோரோடு கப்பலேறி வந்தாள். சித்தப்பா வீட்டில் வளர்ந்த தம்பி அழகர்சாமி அங்கேயே தங்கிவிட்டார். என் மகளுக்குத் தாய்மாமன் அவர். தாய்மாமன் வீட்டுக்குப் பத்திரிகை தபாலில் போகக் கூடாது, கையில் போக வேண்டும். அதனால் புறப்பட்டேன்.

மகேந்திரனுக்கு நாற்பது வயது இருக்கும். அவரும் அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்தான். கொழும்பு நெரிசலைத் தாண்டும் வரை பேசவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் பேச்சும் ஏறியது.

"ஐயா இந்தியாவில எந்தப் பக்கம்?"

"திருச்சி."

"எங்க தாத்தாவும் திருச்சிப் பக்கம்தாங்க. முசிறின்னு சொல்லுவாரு. நான் போனதில்ல. அங்க போயி முசிறியில எங்க தாத்தா வீடு எங்கன்னு கேட்டா அடிச்சு வெரட்டிருவாங்கள்ல?"

சிரித்துக்கொண்டே, எதிரே வந்த பஸ்ஸுக்கு முன்விளக்கை இருமுறை அணைத்து ஏற்றினார். பஸ்காரரும் விளக்கால் பதில் சொன்னார். அடுத்து ஒரு லாரி. அதற்கும் அடித்தார்.

"எதற்கு விளக்கு?" என்று கேட்டேன்.

"பின்னால அந்த வளைவுல பொலிஸ் நின்னுச்சுங்களே, பாக்கலையா? கடை போர்டுக்குப் பின்னால, ஸ்பீட் கன்ன வச்சுக்கிட்டு. அதான் எதுர வாறவனுக்குச் சொல்லி விடுறது."

எனக்குக் கோபம் வந்தது. நான் பத்திரிகைகளுக்கு எழுதியதையெல்லாம் ஒரு விளக்கின் சிமிட்டல் அழித்துக்கொண்டிருந்தது. "குற்றவாளியைத் தப்ப வைக்கிறீர்கள், தம்பி" என்றேன்.

அவர் கியரை மாற்றினார். "அப்படி இல்லீங்கய்யா. பொலிஸ் ஒருத்தன நிப்பாட்டித் தண்டம் எழுதுது. அவன் ஓடி முடிச்சதுக்கப்புறம் எழுதுது. நான் லைட் அடிச்சேன், வரிசையா அத்தன பேரும் கால எடுத்துட்டான். இப்ப யாரு வேகத்தக் கொறச்சது, பொலிஸா நானா?"

"வளைவு தாண்டியதும் மறுபடியும் மிதிப்பானே."

"மிதிப்பான்" என்று உடனே ஒப்புக்கொண்டார். "நானும்தான் மிதிப்பேன். மனுசன் தானுங்களே."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது. சுரேஷ் சொல்லாவிட்டால் அதற்குள் வேறொரு கண் இருப்பதை நானும் அறிந்திருக்க மாட்டேன். இவருக்கு விளக்கடித்துச் சொல்ல எதிரே யாரும் வரப்போவதில்லை என்று நினைத்தேன். அப்போது அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

எல்ல என்ற மலையூரில் டீ குடிக்க இறங்கினோம். ஊரே வெள்ளைக்காரர்களுக்காக விரித்து வைத்தது போலிருந்தது. ஒரு கடைவாசலில் இரண்டு பேர் சிங்களத்தில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டையா என்று கேட்டேன். மகேந்திரன் மொழிபெயர்த்தார். "ரயில் படியில தொங்கிப் படம் எடுக்கிற புள்ளைகளப் பத்திப் பேசுறாங்க. ஒருத்தன் சொல்றான், விழுந்து செத்தா நம்ம ஊருக்குக் கெட்ட பேருன்னு. மத்தவன் சொல்றான், தொங்காட்டி உன் ரூமுக்கு யாரு வாறதுன்னு." தேயிலை விளையும் மலையில் குடித்த அந்தத் தேநீர், திருச்சி ரயில் நிலையத்துத் தேநீரைவிடச் சுமாராக இருந்தது. நல்ல இலையெல்லாம் கப்பலுக்குப் போய்விடுகிறது என்றார் மகேந்திரன்.

அதன் பிறகு நான் பின்னிருக்கைக்குப் போகவில்லை. முன்னால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகு நாட்களுக்குப் பிறகு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபடி போனேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பதுளையில் விடாத மழை. கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் கடையில் இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் தேங்காய்ப்பாலைச் சர்க்கரை போட்டு ஊற்றுவார்கள். இங்கே மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டுக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். சரஸ்வதி வீட்டில் அப்படித்தான் வைப்பாள். இத்தனை வருடமும் அதை அவளுடைய சொந்தக் கைப்பழக்கம் என்றே நினைத்திருந்தேன். ஒரு ஊரே அப்படி வைக்கிறது என்று தெரிந்தபோது எதையோ இழந்தது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் சொதி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பத்திரிகை வைக்கத் தாம்பாளம் கொண்டுவர மறந்திருந்தேன். பாத்திரக் கடைக்காரர் என் நெற்றியையும் கைப்பையையும் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"கலியாண வேலையா ஐயா? வீட்டுக்கார அம்மா வரல்லையா?"

"இல்லை."

அவர் கேள்வியை நிறுத்திக்கொண்டார். தாம்பாளத்தைத் துடைத்தபடியே மகேந்திரனிடம் சொன்னார். "தம்பி, ஐயாவ ஒத்தையா அனுப்பாதீங்க. உங்கட ஆக்கள் பத்திரிகை வைக்கப் போனா ரெண்டு பேராத்தானே போவாங்க. நீங்க தட்டப் புடிச்சுக்கிட்டுப் போங்க."

"நான் என்னங்க நாநா, டிரைவர்" என்றார் மகேந்திரன்; அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

"டிரைவருக்குக் கை இல்லையா?"

ஒற்றையாகப் போகக் கூடாது என்று என் மகளும் சொல்லித்தான் அனுப்பினாள். யாரை அழைப்பது என்று தெரியாமல் அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டிருந்தேன். மகேந்திரன் தாம்பாளத்தை வாங்கி மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "வாறேங்கய்யா. நாளைக்கு வேட்டி கட்டிக்கிட்டு வாறேன்" என்றார்.

மழை விடும் வரை வேனுக்குள் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிகளெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் மனைவி எப்படி இறந்தாள் என்று அவர் கேட்டார். சொன்னேன். பிறகு அவர் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். முதலில் தினமும் பேசுவாள். பிறகு வெள்ளிக்கிழமை மட்டும். இப்போது எடுப்பதே இல்லை. ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பத்தாவது படிக்கும் மகளிடம், அம்மா பேசினாள், உன்னைக் கேட்டாள் என்று தினமும் பொய் சொல்கிறாராம்.

"நேத்து மக கேக்குது, அப்பா, அம்மா என்னைய என்னான்னு கேட்டுச்சுன்னு. நானும் எத்தன விதமாத்தான் சொல்றது ஐயா?"

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். உடம்பு குலுங்கியது. தலைக்கு மேலே அந்தக் கண்ணாடி.

வாருங்கள், இறங்கி எதிர்க்கடையில் டீ குடிப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மழையில் இறங்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். சுரேஷுக்குக் கொடுத்த வாக்கும் நினைவுக்கு வந்தது. அவர் முதுகில் கை மட்டும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பத்திரிகையை வைத்துவிட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பினோம். மகேந்திரன் சொன்னபடி வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்திருந்தார். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, குங்குமம் எல்லாம் அவரே அடுக்கியிருந்தார்.

பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸும் லாரியும் முகத்தோடு முகம் முட்டாத குறையாக நின்றன. யார் பின்னால் போவது என்பதில் வழக்கு. பஸ் நடத்துநர் சாலையில் இறங்கி நின்று லாரிக்காரரைப் பார்த்து, "அண்ணே, ரிவர்ஸ் கியர் போடத் தெரியாட்டிச் சொல்லுங்க, வந்து போட்டுத் தாறேன்" என்றார். லாரிக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ வந்து போடுறதுக்கு முன்னுக்கு மொதல்ல டிக்கட் காசுக்கு மிச்சம் குடுக்கப் பழகு!" பஸ்ஸிலிருந்த பெண்கள் சிரித்துத் தீர்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வழி கிடைத்தபோது நேரம் மிகவும் நெருங்கியிருந்தது. மகேந்திரன் தன் வழக்கமான நிதானத்தில் ஓட்டினார். நான் சொன்னேன்: "தம்பி, ராகுகாலம் வந்துவிடும்."

"பாத்துப் போயிரலாங்கய்யா."

"பார்த்துப் போனால் வந்துவிடும். கொஞ்சம் வேகமாகப் போங்கள்."

கொஞ்சம் கூட்டினார். எனக்குப் போதவில்லை. அவர் தோளில் கை வைத்தேன். தட்டினேன். மறுபடியும் தட்டினேன். அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு பத்திரிகை வைக்க வரும் மனிதர், மறுக்க மனமில்லை. மிதித்தார்.

பசறைச் சாலை வேகத்துக்கு ஆன சாலை இல்லை. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. வளைவுகளில் நான் கதவோடு போய் ஒட்டிக்கொண்டேன். ஆனாலும் கையை எடுக்கவில்லை. ஓரிடத்தில் தலையில் விறகுக்கட்டோடு வந்த ஒரு பெண் மண்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். அவள் முகம் எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியாது. முகம் தெரிகிற வேகத்தில் நாங்கள் போகவில்லை.

ராகுகாலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட லயம். அதன் கடைசி அறைதான் அழகர்சாமியின் வீடு. மெலிந்த மனிதர், சரஸ்வதியின் மூக்கு அவருக்கும் இருந்தது. மகேந்திரன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தாம்பாளத்தைப் பிடித்துக் கொடுத்தோம். அவரும் மனைவியும் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். பத்திரிகையைப் பிரித்து அக்காவின் பெயரைத் தேடி, அதன் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

பிறகு நிமிர்ந்து கேட்டார். "மாமா, ரோட்டுல மெதுவாத்தானே வந்தீங்க? அக்கா போன மாதிரி இனி நம்மள்ல யாரும் போகக் கூடாது."

 மகேந்திரன் முந்திக்கொண்டார். "மெதுவாத்தாங்க வந்தோம். ஐயா வேகமாப் போகவே விட மாட்டாரு."

தேங்காய் போட்ட பொல் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வந்தன. ராகுகாலத்துக்கு முன் வந்துவிட வேண்டும் என்று கவலைப்பட்டதைச் சொன்னேன். அழகர்சாமி சிரித்துவிட்டார். "அதெல்லாம் உங்க ஊர்ல மாமா. நாங்க காலையில பெரட்டுக் களத்துக்குப் போயி பேர் குடுத்தமா, வேலைக்கு எறங்குனமா, அதுதான் எங்களுக்கு நல்ல நேரம். நீங்க சாயந்தரம் வந்திருந்தாலும் நான் கும்பிட்டுத்தான் வாங்கியிருப்பேன்." சம்பல் உறைப்பு கண்ணில் நீரை வரவழைத்தது. உறைப்புதான் என்று அவர் மனைவியிடம் சொன்னேன்.

அன்று சாயங்காலம் பதுளை விடுதியில் இருந்தபோது சுரேஷ் அழைத்தான்.

"அங்கிள், நல்லா இருக்கீங்களா? பசறை ரோட்ல அந்தப் பய என்ன ஓட்டு ஓட்டியிருக்கான்! படம் வந்திருக்கு. நீங்க பயந்துபோய் கதவோட ஒட்டிக்கிட்டு இருக்கீங்க. அவன் தோளைத் தட்டித் தட்டி மெதுவாப் போகச் சொல்றீங்க, அவன் கேட்கவே இல்லை. உங்களப் போய், ஆன்ட்டிக்கு அப்படி நடந்த பிறகு உங்களப் போய் இப்படி உட்கார வச்சு ஓட்டியிருக்கானே. நீங்க சொன்னீங்கதானே அங்கிள், மெதுவாப் போகச் சொல்லி?"

நான் சொன்ன பதில் இது: "மெதுவாகப் போகச் சொல்லிப் பத்திரிகைக்கே எழுதியவன் நான், சுரேஷ்."

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படி ஒரு வாக்கியம் அவ்வளவு விரைவாக எனக்குக் கிடைத்தது என்பதுதான் இன்றுவரை என்னைச் சுடுகிறது. அவன் தகப்பனார் என் கடிதங்களையெல்லாம் வெட்டி வைத்திருப்பவர். அந்தக் குடும்பத்தின் முன் முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்திய கிழவனாக நிற்க எனக்குத் துணிவு இல்லை.

"வியாழக்கிழமை வேனுக்குள்ள உட்கார்ந்து அழுதிருக்கான். குடிச்சிருந்தானா?"

"குடிக்கவில்லை" என்று உறுதியாகச் சொன்னேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை அல்லவா?

சனிக்கிழமை காலையில் வேறொரு ஓட்டுநர் பஸ்ஸில் வந்து இறங்கினார். மகேந்திரன் சாவியைக் கொடுத்துவிட்டு, வேனிலிருந்த தன் பொருட்களை எடுத்தார். ஒரு துண்டு, ஒரு குடை, கதிர்காமத்து முருகன் படம், மூடியில்லாத ஒரு சீப்புப் பெட்டி. என்னிடம் வந்து நின்றார்.

"மொதலாளி இனி வர வேணான்னுட்டாருங்கய்யா. நேத்து வேகமா ஓட்டுனத யாரோ பாத்துச் சொல்லிருக்காங்க. இந்த ரோட்டுல நம்மளத் தெரிஞ்சவன் எவன்னு விளங்கல."

"நான் பேசுகிறேன்" என்றேன்.

"வேணாங்கய்யா. உங்க பேரு இதுல வர வேணாம். நீங்க சொன்னீங்கன்னு நான் சொல்லல."

அவர் போனார். புதிய ஓட்டுநர் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார். அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தேன். யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தது. கைபேசியில் இருந்த பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தேன். இந்த விஷயத்தைச் சொல்லக்கூடிய ஒருத்தி இருந்தாள். அவள் எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் சுரேஷை அழைத்து உண்மையைச் சொன்னேன். ராகுகாலத்துக்காக நான்தான் அவசரப்படுத்தினேன், தட்டியது அதற்காகத்தான் என்றேன்.

சுரேஷ் சிரித்தான். அன்பாகத்தான் சிரித்தான். "அங்கிள், அப்பா சொன்னது சரிதான். நீங்க ஒருத்தனோட பிழைப்பு போகுதுன்னா உங்க தலையிலயே பழியப் போட்டுக்குவீங்க. நீங்களாவது, வேகமாப் போகச் சொல்றதாவது! என்கிட்ட படம் இருக்கு அங்கிள்."

"படத்தில் சத்தம் இல்லையே, சுரேஷ்."

"சத்தம் எதுக்கு? உங்க முகமே சொல்லுதே."

அந்தப் படத்தை எனக்கு அனுப்பியும் வைத்தான். பார்த்தேன். வாய் திறந்து, கண் விரிந்து, ஒரு கை கதவிலும் மறு கை மகேந்திரனின் தோளிலுமாக ஒரு கிழவர். எனக்கே அவர் மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

அந்த வேனில் திரும்ப மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலுக்குப் போனேன். பதுளையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. வண்டி புறப்படக் காத்திருந்தபோது ஜன்னல் பக்கம் மகேந்திரன் வந்து நின்றார். கையில் ஒரு பொதி.

"ரயிலில போறதா விடுதியில சொன்னாங்க. மக ரொட்டி சுட்டுக் குடுத்துச்சுங்க. வழியில சாப்பிடுங்க."

பொதியை வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக்குள் இருந்த கேமரா. என் கை. சுரேஷிடம் நான் சொன்ன பதில். மறுநாள் சொன்ன உண்மை, அதை அவன் நம்பாதது. பக்கத்து இருக்கைக்காரர் கேட்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மகேந்திரன் பொதியின் நூலை இறுக்கினார். பிறகு கேட்டார்: "மழையில வேனுக்குள்ள உக்காந்திருந்தமே. அப்பயும் அது பாத்துச்சா?"

"பார்த்தது."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வேகமா ஓட்டுனத விடுங்க. நீங்க சொன்னீங்க, மிதிச்சது என்னோட கால்தான். வண்டி ஓட்டுறவன் நான், மாட்டேன்னு சொல்லியிருக்கணும். அந்தப் பொம்பள வெறகோட நின்னுச்சே, ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல." குரல் தாழ்ந்தது. "ஆனா, எறங்கி வாப்பா, டீ குடிப்போம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே ஐயா. பொலிஸ் நிக்கிறதுக்குக் கூட, எதுர வாறவன் யாருன்னே தெரியாம நாங்க லைட் அடிச்சுச் சொல்றோம்."

 வண்டி அசைந்தது. அவர் ஜன்னல் வழியாகப் பொதியை என் மடியில் வைத்தார். "புள்ள சுட்டது. சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். கையசைக்கவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்த வரை அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அந்த ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி, நடப்பவன் கூட வரலாம் என்கிற வேகத்தில் ஏறியது. தேயிலைக்கு நடுவே பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிந்தது. ரொட்டியைப் பிரித்தேன், சம்பலைத் தனியாக இன்னொரு தாளில் சுற்றியிருந்தாள் அந்தப் பெண். ஊறிவிடக் கூடாது என்று. எதிரே இருந்தவரிடம் ஒன்றை நீட்டினேன். வேண்டாம் என்றார்.

திருச்சிக்கு வந்த பிறகும் சுரேஷுக்கு எழுதினேன். அவன் தகப்பனாரிடம் நேரில் போய்ச் சொன்னேன். இருவரும் என் நல்ல மனதைப் பாராட்டினார்கள். என் பழைய கடிதங்களும் அந்தப் படமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. அவற்றுக்கு எதிராக நான் ஒருவன்தான் இருக்கிறேன். மகேந்திரனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று அழகர்சாமி சொன்னார். வேறு வேன்காரர்களிடமும் அந்தப் படம் போயிருக்கிறதாம். கல்யாணத்தில் முன்வரிசையில் மகேந்திரனுக்காக ஒரு நாற்காலி வைக்கச் சொல்லியிருந்தேன். யாரோ அதை எடுத்துப் பந்திக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதனால்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இதையும் படிக்கட்டும். வாய் திறந்திருக்கும் அந்தக் கிழவர் அந்த நொடியில் சொன்னது இதுதான், ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ இல்லை:

"இன்னும் கொஞ்சம் மிதிப்பா, நேரமாகிறது."